தெளிந்த நீரை நம்பிய புத்தகம்

1

ஜான் மெக்ஃபீயின் 'கமிங் இன்டு தி கன்ட்ரி' ஒரு கைக்குட்டையோடு ஆரம்பிக்கிறது. அலாஸ்காவின் வடக்கே, ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே, ஓர் ஆற்றில் படகில் போய்க்கொண்டிருக்கிறார். வெயில். கைக்குட்டையை ஆற்றில் நனைத்துத் தலையில் கட்டிக்கொள்கிறார். காயக் காய மறுபடி நனைக்கிறார். அவ்வளவுதான் தொடக்கம். ஆற்றின் குளிர்ச்சி எவ்வளவு என்று ஓர் எண், படகுக்குக் கீழே மீன்கள், அதற்கும் கீழே கூழாங்கற்கள். கொஞ்சப் பக்கங்கள் தாண்டுவதற்குள் நாமும் அந்தப் படகில் ஏறி உட்கார்ந்திருப்போம்.

ஆற்றின் பெயர் சால்மன். ப்ரூக்ஸ் மலைத்தொடரில் பிறந்து தெற்கே இறங்கி கோபுக் என்ற பெரிய ஆற்றில் சேர்கிறது. தான் வாழ்க்கையில் பார்த்த ஆறுகளிலேயே மிகத் தெளிவான தண்ணீர் இதுதான் என்று மெக்ஃபீ எழுதுகிறார். பயணம் நடந்தது 1975இல். புத்தகம் வந்தது 1977இல்.

எனக்கு இதைக் கொடுத்தவர் ஒரு நண்பர். அப்போது நான் குடிநீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பகலெல்லாம் சாம்பிள் பாட்டில்களோடு மல்லுக்கட்டு. இரவில் கட்டுரை எழுதிப் பார்ப்பது. எழுதியதைப் படித்துவிட்டு நண்பர் சொன்னார்: "யோவ், தண்ணியப் பத்தி எழுதணும்னா மொதல்ல இதப் படி. அப்புறம் எழுது." படித்தேன். ஒரு வருடம் எதுவும் எழுதவில்லை. அப்படி ஒரு அடி. தமிழில் கட்டுரை எழுதுகிற எவரும் மெக்ஃபீயை ஒருமுறையாவது படிக்க வேண்டும் என்று பிறகு பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். இப்போதும் சொல்வேன். ஆனால் கூடவே இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

அந்த ஆறு இன்று ஆரஞ்சு நிறத்தில் ஓடுகிறது.

2019இல் அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் சூழலியலாளர் பேட்ரிக் சல்லிவன், காடுகள் வடக்கு நோக்கி நகர்வதை ஆராய அந்தப் பக்கம் போகிறார். அவரை ஏற்றிச்சென்ற சிறு விமானத்தின் ஓட்டுநர் முன்கூட்டியே எச்சரிக்கிறார். பனி உருகி முடிந்த பிறகும் ஆறு தெளியவே இல்லை, சாக்கடை மாதிரி இருக்கிறது என்று. போய்ப் பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. சல்லிவனும் ரோமன் டயல், டிமோதி லயன்ஸ் முதலியவர்களும் சேர்ந்து செய்த ஆய்வு 2025இல் வெளிவந்தது. ஆற்றின் மையப் போக்கிலும் பெரும்பாலான கிளை ஓடைகளிலும் உலோகங்களின் அளவு, நீர்வாழ் உயிர்களுக்கென்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு வைத்திருக்கும் வரம்பைத் தாண்டிவிட்டது. இந்த ஆய்வைப் பற்றிய செய்திக்குறிப்பிலேயே மெக்ஃபீயின் பெயர் வருகிறது, அவர் புகழ்பெறச் செய்த ஆறு என்று.

அன்று இரவு அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். தூசி தட்டி முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தேன்.

2

முதலில் புத்தகத்தின் பெருமையைச் சொல்லிவிடுகிறேன்.

மூன்று பகுதிகள். நடுப்பகுதி அலாஸ்காவுக்குப் புதுத் தலைநகர் தேடும் கதை. மூன்றாவது யூக்கான் ஆற்றங்கரையில் ஈகிள் என்ற சிற்றூரையும் அதைச் சுற்றிக் காட்டில் வாழ்பவர்களையும் பற்றியது. முதல் பகுதிதான் சால்மன் ஆறு. அந்தப் பகுதியின் அரசியல் பின்னணி முக்கியம். 1971இல் வந்த சட்டம் அலாஸ்காவின் பூர்வகுடிகளின் நில உரிமைக் கோரிக்கையைத் தீர்த்து வைத்தது. கூடவே பெரும் பரப்பைத் தேசியப் பூங்காக்களுக்கென்று ஒதுக்கிப் பார்க்கவும் வழி செய்தது. எந்த ஆற்றைக் காப்பாற்றலாம் என்று நேரில் பார்த்துச் சொல்ல ஒரு சிறு குழு போகிறது. மத்திய அரசு ஆட்கள், மாநில அரசு ஆள், சூழல் இயக்கத்தின் ஆள் எல்லாரும் ஒரே படகுப் பயணத்தில். அவர்களோடு மெக்ஃபீயும்.

யாரையும் அவர் வில்லனாக்குவதில்லை. எண்ணெய் வேண்டும் என்பவனையும் பேச விடுகிறார், ஒரு மரமும் வெட்டக்கூடாது என்பவனையும் பேச விடுகிறார். பூங்கா வந்தால் தங்கள் வேட்டையும் மீன்பிடியும் என்னவாகும் என்ற கோபுக் கரை மக்களின் கவலையும் பதிவாகிறது. தீர்ப்பை நம்மிடம் விட்டுவிடுகிறார். இந்த நிதானம் எளிதில் வராது.

இன்னொன்று அதன் வடிவம். கட்டுரை பயணத்தின் நடுவில் தொடங்கி முடிவுக்குப் போய், பின்னால் திரும்பித் தொடக்கத்துக்கு வந்து, தொடங்கிய இடத்தை நெருங்கி முடிகிறது. ஒரு வட்டம். பருவங்களும் சால்மன் மீன்களின் வரவும் சாவும் மறு வரவும் வட்டமாக இயங்குவதால் கட்டுரையும் அப்படி அமைந்தது என்று பின்னாளில் அவரே எழுத்துக்கலை பற்றிய தன் 'டிராஃப்ட் நம்பர் 4' நூலில் விளக்கியிருக்கிறார். கடைசிக் காட்சியில் ஓர் இளம் கரடி. ஆற்றிலிருந்து சால்மன் மீன் ஒன்றை எடுத்து விளையாடுகிறது. மனிதர்கள் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கடைசிப் பக்கத்தை இப்போது படித்தாலும் கை நடுங்குகிறது. ஆனால் நடுக்கத்தின் காரணம் மாறிவிட்டது.

3

ஆற்றுக்கு என்ன ஆயிற்று என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொன்னால்தான் மேற்கொண்டு பேச முடியும்.

தொடர்ந்து இரண்டு வருடமாவது பூஜ்யம் டிகிரிக்கு மேலே போகாத மண்ணுக்குப் பெர்மாஃப்ராஸ்ட் என்று பெயர். நிரந்தர உறைநிலம் என்று சொல்லலாம். வட அரைக்கோளத்தின் நிலப்பரப்பில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு அப்படிப்பட்டது. 'நிரந்தர' என்ற சொல் நம்முடைய ஆசை. மேலே ஒரு மெல்லிய அடுக்கு மட்டும் கோடையில் இளகும், குளிரில் இறுகும். கீழே உள்ளது ஆயிரக்கணக்கான வருடமாக அசையாமல் கிடப்பது.

ப்ரூக்ஸ் மலைப் பாறையில் பைரைட் என்ற கனிமம் இருக்கிறது. இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. தண்ணீரும் ஆக்சிஜனும் தொடாதவரை அது பாட்டுக்குக் கிடக்கும். உறைநிலம் அந்த இரண்டையும் தடுத்து வைத்திருந்தது. இப்போது நிலம் சூடேறி இளகுகிறது. தண்ணீர் உள்ளே இறங்குகிறது, காற்றும் இறங்குகிறது. பைரைட் கந்தக அமிலமாகவும் கரைந்த இரும்பாகவும் மாறுகிறது. அந்த அமிலம் அக்கம்பக்கத்துப் பாறையிலிருந்து துத்தநாகம், செம்பு, நிக்கல், காட்மியம் எல்லாவற்றையும் அரித்து எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு வருகிறது. ஆற்று நீரைத் தொட்டதும் இரும்பு துருவாகப் படிகிறது. ஆரஞ்சு நிறம் அந்தத் துரு.

கைவிட்ட சுரங்கங்களில் உலகமெங்கும் நடப்பது இதேதான். சால்மன் ஆற்றில் சுரங்கம் கிடையாது. சாலை கிடையாது. தொழிற்சாலை கிடையாது. மெக்ஃபீ போன ஆறுதானே, 1980 டிசம்பரில் வந்த சட்டத்தால் 'காட்டாறு' என்ற தகுதியோடு, கோபுக் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவுக்குள் காப்பாற்றப்பட்ட ஆறு. அந்தக் குழு போனதன் நோக்கம் நிறைவேறியது. காகிதத்தில் ஆறு பத்திரமாக இருக்கிறது.

அது ஒன்று மட்டுமில்லை. ப்ரூக்ஸ் மலைத்தொடர் நெடுக இப்படி நிறம் மாறிய ஓடைகள் 75 என்று 2024இல் வெளியான ஆய்வு கணக்கெடுத்தது. சில இடங்களில் எடுத்த நீரின் பி.எச். 2.3. எலுமிச்சைச் சாறு அளவுக்குப் புளிப்பு. அந்த ஆறுகளின் இயல்பான அளவு 8ஐ ஒட்டியது. அகிலிக் என்ற ஆற்றின் ஒரு கிளை ஓடையில் நிறம் மாறியதும் அங்கே இருந்த இரண்டு வகை மீன்களையும் காணவில்லை. துரு கூழாங்கற்களுக்கு இடையே படிந்தால் அந்த இடுக்குகளில் முட்டையிடும் சம் சால்மனுக்கு மூச்சு முட்டும். கல்லடியில் வாழும் பூச்சிப் புழுக்கள் சாகும். சால்மன் ஆற்று மீனின் சதையில் மனிதர்களுக்கு ஆபத்தான அளவு உலோகம் ஏறவில்லை என்பதே இப்போதைக்கு ஆறுதல்.

4

இப்போது புத்தகத்துக்கு வருகிறேன்.

1975இல் போன ஒருவரிடம், 2019இல் நடக்கப்போவதை ஏன் சொல்லவில்லை என்று கேட்பது அபத்தம். நான் அதைக் கேட்கவில்லை. என் கேள்வி வேறு. அந்த எழுத்துமுறை எதைப் பார்க்கப் பழகியிருந்தது, எதைப் பார்க்காமல் இருக்கப் பழகியிருந்தது?

மெக்ஃபீயின் எழுத்தில் தெளிவு என்பது ஒழுக்கம். வாக்கியம் ஆறு மாதிரி இருக்க வேண்டும், அடியில் உள்ள கல் தெரிய வேண்டும். அதனால்தான் அந்த ஆறு அவருக்கு அவ்வளவு பிடித்துப்போகிறது என்று தோன்றுகிறது. தன் உரைநடையின் இலட்சியத்தையே அவர் ஓடும் நீரில் பார்க்கிறார். கண்ணாடி மாதிரி இருக்கிறது, ஆகவே தூய்மையாக இருக்கிறது, ஆகவே உண்மையாக இருக்கிறது. இந்த மூன்று படிகளையும் ஒரே மூச்சில் தாண்டிவிடுகிறோம். வாசிக்கும்போது இடறுவதே இல்லை.

சோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எனக்கு ஒரு பாடம் நடந்தது. இரண்டு பாட்டில்கள். ஒன்று கலங்கல், வண்டல் மிதக்கிறது. இன்னொன்று பளிச்சென்று இருக்கிறது. எது மோசம் என்று மூத்தவர் கேட்டார். கலங்கலைக் காட்டினேன். சிரித்தார். "தம்பி, கலங்கலா இருந்தா ஜனங்களே குடிக்க மாட்டாங்க. பளிச்னு இருக்கறதுதான் வீட்டுக்குள்ள வரும்." கலங்கலில் வெறும் மண். பளிச்சென்று இருந்ததில் வரம்பைத் தாண்டிய நைட்ரேட். அன்றிலிருந்து தெளிந்த நீரைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷத்துக்கு முன் சந்தேகம் வரும். விசித்திரம் என்னவென்றால், அதே நான்தான் இரவில் மெக்ஃபீயைப் படித்து அந்தத் தெளிவில் மயங்கிக் கிடந்தேன். பகலில் கற்ற பாடம் இரவில் வாசிக்க வந்தபோது கூட வரவில்லை. இலக்கியத்துக்கு அப்படி ஒரு சக்தி உண்டு, தெரிந்ததை மறக்க வைக்கும்.

இப்போது வரும் செய்திகளும் அதே கண்ணைத்தான் நம்புகின்றன. 'துருப்பிடிக்கும் ஆறுகள்' என்று தலைப்பு, மேலிருந்து எடுத்த ஆரஞ்சுப் படம். பார்த்ததும் பதறுகிறோம். ஆனால் அந்தத் தண்ணீரில் அஞ்ச வேண்டிய காட்மியத்துக்கும் துத்தநாகத்துக்கும் நிறமில்லை. இரும்பு மட்டும்தான் வண்ணம் காட்டுகிறது. இரும்பு எல்லாம் படிந்து நீர் மறுபடி தெளிந்தால் படம் எடுக்க யாரும் வரமாட்டார்கள். அதேபோல வடக்கத்திய உறைநிலத்தில் பூட்டிக் கிடக்கும் பாதரசம். மற்ற எல்லா மண்ணிலும் கடலிலும் காற்றிலும் உள்ளதைக் கூட்டினாலும் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அங்கே இருக்கலாம் என்று 2018இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அது ஆற்றில் கரைந்து மீனில் ஏறினால் எந்தக் கேமராவுக்கும் தெரியாது.

தெரிந்துகொள்ள வேறு புலன்கள் வேண்டியிருக்கின்றன. கனடாவின் நுனாவுட் பிரதேசத்துத் தலைநகர் இக்கலூயிட்டில் 2021 அக்டோபரில் குழாய்த் தண்ணீரில் எரிபொருள் கலந்திருப்பது உறுதியானது. அதற்கு முன்பே மக்கள் சமூக ஊடகங்களில் சொல்லிவிட்டார்கள், தண்ணீரில் வாடை வருகிறது என்று. தண்ணீர் பார்க்கத் தெளிவாகத்தான் இருந்தது. மூக்கு முந்திக்கொண்டது. ஏறக்குறைய இரண்டு மாதம் குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்ற உத்தரவு நீடித்தது. பக்கத்து ஆற்றிலிருந்து தண்ணீர் மொண்டு வந்து காய்ச்சிக் குடித்தார்கள்.

மெக்ஃபீயின் ஆற்றில் யாரும் தண்ணீரைச் சந்தேகப்படுவதில்லை. அதைக் குடித்து வளர்ந்தவர்கள் கதையில் ஓரமாக வந்து போகிறார்கள். கோபுக் கரையில் கியானா போன்ற இன்யூபியாட் ஊர்கள் இருக்கின்றன. அந்த மக்களின் வாழ்க்கையை மரியாதையோடு எழுதுகிறார், உண்மை. ஆனால் அந்த நீரை அறியும் உரிமை கட்டுரையில் படகில் வந்தவரின் கண்ணுக்கே இருக்கிறது. ஒரு கோடையில் சில நாட்கள் மிதந்துபோன கண்.

இன்னொரு இடம். மூன்றாம் பகுதியில் ஒரு தந்தையும் மகனும் புல்டோசரால் ஓடையைப் புரட்டிப் பொன் தேடுகிறார்கள். ஓடை சேறாகிறது. தனக்கு அதைப் பார்த்து அருவருப்பு வரவில்லை என்று மெக்ஃபீ ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறார். இவ்வளவு பெரிய நிலத்தில் இது எம்மாத்திரம் என்பது அவர் வாதம். நேர்மையான இடம்தான், பல விமர்சகர்கள் புகழ்ந்த இடமும்கூட. முன்பு நானும் அடிக்கோடு போட்டிருக்கிறேன். இப்போது அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். நிலம் பெரிது என்பது மனிதன் செய்வது சிறிது என்று நம்பிய காலத்தின் வாக்கியம். அவர் சொன்ன பெரிய நிலம் முழுவதும் ஒரே சமயத்தில் சூடேறும் என்பது அந்தக் கணக்கில் இல்லை.

உறைநிலம் அவர் புத்தகத்தில் வராமல் இல்லை. அங்கே வாழ்வதற்கான நிபந்தனையாக, கட்டுமானத்துக்கு இடைஞ்சலாக வருகிறது. அந்தக் காலத்தில் எல்லாருக்கும் அப்படித்தான். 1977இல் எண்ணெய் ஓடத் தொடங்கிய அலாஸ்கா குழாயின் 1,300 கிலோமீட்டரில் பாதிக்கு மேல் தூண்களின் மீது தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். எண்ணெயின் சூட்டில் கீழே மண் இளகிவிடக்கூடாது என்று. மண் நம்மை என்ன செய்யும் என்று யோசித்தார்கள். அது எதைப் பூட்டி வைத்திருக்கிறது என்று யோசிக்கவில்லை. பின்னால் அமெரிக்காவின் பாறை அடுக்குகளைப் பற்றி எழுதி 1999இல் புலிட்சர் பரிசு வாங்கியவர் மெக்ஃபீ. பாறையைப் பேச வைக்க அவரைவிட்டால் ஆள் கிடையாது. அவர் மிதந்துபோன ஆற்றுக்கு அடியில் இருந்த பாறை மட்டும் அவரிடம் பேசாமல் இருந்துவிட்டது.

வட்ட வடிவத்தைச் சொன்னேன். அழகான வடிவம். ஆனால் வடிவம் என்பது சும்மா இருப்பதில்லை, அது ஒரு வாக்குறுதியையும் தருகிறது. எல்லாம் திரும்பி வரும் என்ற வாக்குறுதி. மீன் சாகும், மறு வருடம் மீன் வரும். உறைநிலம் இளகி அமிலம் கசிய ஆரம்பித்தால் அது ஒரு திசையில் மட்டும் போகும். அடுத்த குளிர்காலம் மேலடுக்கை இறுக்கலாம், உடைந்த பைரைட்டை ஒட்டவைக்க முடியாது. கரடி மீனோடு விளையாடும் கடைசிப் பக்கத்தை இப்போது படிக்கும்போது அது முடிவாகவே நின்றுவிடுகிறது. முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போக வழியில்லை.

5

இவ்வளவும் எழுதி முடித்து நண்பரிடம் காட்டினேன். படித்துவிட்டு ஃபோனில் கேட்டார்: "சரி, அப்ப யார்தான் குற்றவாளி? யாருமே இல்லாத இடத்துல அழுக்கு வந்துடுச்சுன்னு எழுதற. கேக்க நல்லாத்தான் இருக்கு. கம்பெனிக்காரன் கேட்டா இன்னும் சந்தோஷப்படுவான்."

அவர் சொன்னது சரி. இந்தப் பேச்சில் ஒரு குழி இருக்கிறது. 2020 மே 29 அன்று ரஷ்யாவின் நோரில்ஸ்க் நகரத்தில் அனல்மின் நிலையத்தின் தொட்டி ஒன்று சரிந்து ஏறக்குறைய 21,000 டன் டீசல் கொட்டியது. பெரும்பகுதி அம்பார்னயா, தல்திகான் ஆறுகளில் கலந்தது. ஆறு சிவந்து ஓடும் படத்தை உலகமே பார்த்தது. நிலையம் நோர்நிக்கல் குழுமத்தைச் சேர்ந்தது. முதல் விளக்கமாக வந்தது, உறைநிலம் இளகித் தூண்கள் இறங்கிவிட்டன என்பது. பிறகு ரஷ்ய அரசின் தொழிற் பாதுகாப்புக் கண்காணிப்பு அமைப்பு, வடிவமைப்பிலும் கட்டுமானத்திலும் இருந்த பிழைகளைச் சுட்டியது. 2021இல் நீதிமன்றம் விதித்த தொகை ஏறக்குறைய 14,600 கோடி ரூபிள். அதே தல்திகான் 2016இலும் ஒருமுறை சிவப்பாக ஓடியது. அப்போது காரணம், உலோக ஆலையின் கழிவுத் தேக்கம் நிரம்பி வழிந்தது. பருவநிலையைச் சாட்சிக்கூண்டில் ஏற்றிவிட்டுத் தொட்டியின் சொந்தக்காரர் இறங்கிப் போக முடியாது.

இரண்டும் இணைந்தும் இருக்கின்றன என்பதுதான் சிக்கல். இருபதாம் நூற்றாண்டு முழுக்க வடக்கில் குழி தோண்டியவர்கள் உறைநிலத்தை இலவசப் பெட்டகமாக நினைத்தார்கள். துளையிட்ட சகதியைப் புதைத்தார்கள், எண்ணெய்ப் பீப்பாய்களை விட்டுவிட்டு வந்தார்கள். உறைந்தது உறைந்தபடி இருக்கும் என்ற நம்பிக்கை. கனடாவின் யெல்லோநைஃப் அருகே ஜயன்ட் தங்கச் சுரங்கம் 2,37,000 டன் ஆர்சனிக் தூசியை நிலத்தடி அறைகளில் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. சுற்றியுள்ள பாறை மறுபடி உறைந்து அதைப் பூட்டிவிடும் என்று ஒரு காலத்தில் கணக்குப் போட்டார்கள். இப்போது குழாய் இறக்கி அந்த அறைகளைச் செயற்கையாக உறையவைக்கும் வேலை நடக்கிறது. உறைநிலப் பகுதிகளில் இப்படி அபாயப் பொருள்களைக் கையாண்ட தொழிலிடங்கள் ஏறக்குறைய 4,500 என்றும், மாசுபட்ட இடங்கள் 13,000 முதல் 20,000 வரை இருக்கலாம் என்றும் 2023இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிடுகிறது.

ஆக, இயற்கை எழுத்துக்கு நமக்குத் தெரிந்த வடிவங்கள் இரண்டு. ஒன்று துதி. இன்னொன்று குற்றப்பத்திரிகை. நோரில்ஸ்க்குக்குக் குற்றப்பத்திரிகை போதும், எழுதத் தெரிந்த எவரும் எழுதிவிடலாம். சால்மன் ஆற்றுக்கு இரண்டும் பொருந்தவில்லை. அங்கே குற்றவாளி ஆற்றங்கரையில் இல்லை, ஆனால் உலகத்தில் இருக்கிறார். நிலக்கரி எரித்த ஒவ்வோர் ஊரிலும், அலாஸ்கா எண்ணெய் ஓடிய ஒவ்வொரு காரிலும் ஒரு துளி.

6

அப்படிப்பட்ட தூரத்து அழுக்கை எழுதிக்காட்டிய புத்தகம் ஒன்று இருக்கிறது. ஷீலா வாட்-க்ளூட்டியேயின் 'தி ரைட் டு பி கோல்ட்'. 2015இல் வந்தது. கனடாவின் நுனாவிக் பகுதியில் பிறந்த இன்யூட் பெண், நாய் இழுக்கும் வண்டியில் பயணித்த குழந்தைப் பருவம், பத்து வயதில் படிக்கவென்று தெற்கே அனுப்பப்பட்ட வேதனை, பிறகு உலக அரங்கில் இன்யூட் மக்களின் குரல். சுயசரிதைதான். ஆனால் அதன் நடுவில் இருப்பது ஒரு மாசின் கதை.

1980களில் விஞ்ஞானிகள் தெற்குக் கியூபெக் தாய்மார்களின் பாலோடு ஒப்பிட, மாசற்ற மாதிரி வேண்டுமென்று நுனாவிக் தாய்மார்களின் பாலை எடுத்துப் பார்த்தார்கள். பி.சி.பி. என்ற தொழிற்சாலை வேதிப்பொருள் அங்கே ஐந்து மடங்கு அதிகமாக இருந்தது. தெற்கே எங்கெங்கோ தெளித்ததும் கொட்டியதும் காற்றில் ஏறி, குளிரில் படிந்து, மீனிலும் சீலிலும் சேர்ந்து, அதைத் தின்னும் தாயின் உடம்பில் வந்து நின்றது. மெக்ஃபீ கைக்குட்டையை நனைத்த அதே பத்தாண்டில் வடதுருவத்தின் வெண்மை உள்ளே கெட்டுப்போயிருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, பாலில் தெரிந்தது.

இந்த வேதிப்பொருள்களைத் தடுக்கும் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தின் பேச்சுவார்த்தையில் ஒரு முடிச்சு விழுகிறது. பட்டியலில் டி.டி.டி. இருக்கிறது. மலேரியா உள்ள நாடுகளுக்கு அது தேவைப்படுகிறது. இங்கேதான் நாமும் கதைக்குள் வருகிறோம். டி.டி.டி.யைப் பெருமளவு தயாரித்துப் பயன்படுத்திய நாடு இந்தியா. வடக்கின் தாய் விஷமில்லாத பால் வேண்டும் என்கிறாள். தெற்கின் தாய் குழந்தை காய்ச்சலில் சாகக்கூடாது என்கிறாள். இன்னொரு தாயின் குழந்தையை விலையாகக் கொடுத்து எங்களுக்கு வெற்றி வேண்டாம் என்ற நிலையை வாட்-க்ளூட்டியே எடுத்தார். பேச்சுவார்த்தை மேசைக்குத் தாயும் சேயுமான ஓர் இன்யூட் சிற்பத்தைக் கொண்டுபோய் வைத்தார். 2001இல் கையெழுத்தான ஒப்பந்தத்தில் மலேரியா போன்ற நோய்களைப் பரப்பும் பூச்சிகளைக் கட்டுப்படுத்த டி.டி.டி.க்கு விலக்கு இருக்கிறது.

வில்லன் பக்கத்தில் இல்லாத மாசை எப்படி எழுதுவது என்பதற்கு எனக்குக் கிடைத்த பதில் இந்தப் பக்கங்கள். தண்ணீரையும் பனியையும் அவர் பார்க்கிறவராக எழுதுவதில்லை, உண்கிறவராக எழுதுகிறார். ஆகவே அழுக்கு வெளியே ஒரு காட்சியாக நிற்பதில்லை. கூடவே கணக்கும் வருகிறது. யார் தெளித்தது, எதற்காகத் தெளித்தது, யார் உடம்பில் வந்தது.

புத்தகமாகப் பார்த்தால் குறைகள் நிறைய. பாதிக்கு மேல் கூட்டம், தீர்மானம், விமானம், மறுபடி கூட்டம். பெயர்களும் அமைப்புகளும் வந்துகொண்டே இருக்கின்றன. மெக்ஃபீ ஒரு பத்தியில் செய்வதை இவர் ஓர் அத்தியாயத்தில்கூடச் செய்வதில்லை. சில இடங்களில் அலுவலகக் கோப்பைப் புரட்டுவது மாதிரி இருக்கிறது. இதை மறைத்து, பாதிக்கப்பட்டவர் எழுதியது என்பதற்காக உயர்த்திப் பேசினால் அது அவருக்கே அவமரியாதை. ஆனால் ஒன்று யோசித்தேன். தெளிவான வாக்கியம் தெளிவான பொருளுக்குத்தான் வாய்க்குமோ? அழுக்கு பல நாடுகள் தாண்டி, பல கைகள் மாறி வரும்போது அதை எழுதும் நடையும் கொஞ்சம் கலங்கித்தான் இருக்குமோ? முழுச் சமாதானம் இல்லை இது. நல்ல எடிட்டர் இருந்தால் நூறு பக்கம் வெட்டியிருப்பார். ஆனாலும் அந்தக் கலங்கலை முன்பு போல என்னால் குறையாக மட்டும் பார்க்க முடியவில்லை.

7

எழுத வருபவர்கள் என்ன படிக்கலாம் என்று கேட்டால் மெக்ஃபீயைச் சொல்வது என் வழக்கம். போன மாதம் ஓர் இளைஞர் கேட்டார். இரண்டு புத்தகத்தையும் சொன்னேன். எதை முதலில் படிக்கணும் என்றார்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, மெக்ஃபீயையே முதலில் படியுங்கள் என்றேன். அந்த ஆற்றில் மயங்கத்தான் வேண்டும். அப்படி ஒரு தண்ணீர் இருந்தது, ஒருவர் அதில் கைக்குட்டையை நனைத்தார், மீனும் கல்லும் தெரிந்தன என்பதற்கு நம்மிடம் உள்ள நல்ல சாட்சி அந்தப் புத்தகம். ஆற்றின் பழைய நிலை என்னவென்று ஆய்வாளர்களுக்கு அளவைகள் கொஞ்சம்தான் இருக்கின்றன. ஓர் எழுத்தாளரின் குறிப்பும் அதற்குப் பக்கத்தில் வைக்கத் தகுந்ததாகிவிட்டது. அவர் நினைத்தே பார்த்திராத பயன் இது.

பிறகு வாட்-க்ளூட்டியேயைப் படியுங்கள், அலுப்பு வந்தாலும் விடாமல். முடித்துவிட்டு மறுபடி மெக்ஃபீயின் முதல் பக்கத்துக்கு வாருங்கள். அந்தக் கைக்குட்டையிலிருந்து சொட்டும் நீர் அவர் முகத்தில் வழியும் இடத்தில், உங்களுக்கும் என்னைப் போல ஒரு நிமிடம் கை நிற்கிறதா என்று பாருங்கள்.